குழாய்க் கர்ப்பமும் நுண்துளைச் சத்திரசிகிச்சையும்

மனிதக் கரு வளர்தற்கென இயற்கை வகுத்த இடம் கருப்பை ஒன்றே. தடித்த தசைச் சுவரும், குருதி மலிந்த உட்படையும், கரு வளருந்தோறும் விரிந்து கொடுக்கும் இயல்பும் ஒருங்கே வாய்த்த வேறோர் உறுப்பு பெண்ணுடலில் இல்லை. எனினும் நூறு கர்ப்பங்களுள் ஒன்று அல்லது இரண்டில், கருவானது அவ்விடத்தை அடையாது வேறிடத்தில் வேரூன்றிவிடுகின்றது. இதனைப் புறக்கருப்பைக் கர்ப்பம் என மருத்துவ நூலார் வழங்குவர். அவ்வாறு வேரூன்றும் இடம், பத்தில் ஒன்பதிற்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களிற் பலோப்பியோக் குழாயாகவே இருத்தலின், குழாய்க் கர்ப்பம் என்னும் பெயரே இக்கட்டுரையில் ஆளப்படுகின்றது. சூலகம், கருப்பைக் கழுத்து, முன்னைய சத்திரசிகிச்சையாற் கருப்பைச் சுவரில் உண்டான தழும்பு, அரிதாக வயிற்றறை ஆகியவற்றில் தங்குங் கர்ப்பங்களும் உண்டு. அவற்றின் பரிகாரம் வேறாதலின் ஈண்டு விரிக்கவில்லை.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், இந்நோயுற்றவரெனப் பதியப்பட்ட பெண்டிருள் மூவரில் இருவர் மாண்டனர். இன்றோ, உரிய வேளையிற் கண்டறியப்பட்ட ஒருத்தி, விரல் நகத்தின் அகலத்தை ஒத்த மூன்று சிறு புண்களோடு, சத்திரசிகிச்சை நிகழ்ந்த அன்றோ மறுநாளோ இல்லந் திரும்புகின்றாள். இவ்வளவு பெரிய மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என வினவினால், கருவியால் நிகழ்ந்தது என்பதே பெரும்பாலார் கூறும் விடை. அவ்விடை பாதியே உண்மை என்பது இக்கட்டுரையாளன் கருத்து. கருவி தோன்றிய பின்னும் எழுபது ஆண்டுகள் இந்நோயின் பரிகாரத்துக்கு அது பயன்படவில்லை. எதற்காக அது காத்திருந்தது என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

மகப்பேற்று மருத்துவத்தைத் தமிழில் எழுதுதல் புதுவதன்று. அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நம் நாட்டு மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவத்தைப் பயிற்றியதோடு, அத்துறை நூல்களையும் தமிழாக்கினார். மகப்பேறு பற்றிய நூலொன்றும் அவற்றுள் அடங்கும். ஆதலின் இப்பொருளைத் தமிழிற் கூறுதற்குச் சமாதானம் எதுவும் வேண்டுவதில்லை. கூச்சமும் வேண்டுவதில்லை, அக்கூச்சம் உயிர்க்கே இறுதியாவதும் உண்டென்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலிற் குழாயின் அமைப்பை நோக்குவோம். கருப்பையின் மேன்மூலைகளிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரு குழாய்கள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளமுடையது. இவற்றைச் செவ்வனே விவரித்தவர் கபிரியேல் பலோப்பியோ என்னும் இத்தாலிய உடற்கூற்றறிஞர். அவருடைய நூல் 1561ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் இட்ட இலத்தீன் பெயர் எக்காளத்தைக் குறிப்பது. பின்வந்த ஆங்கிலேயர் ஓசை ஒப்புமையால் அதனைக் குழாயெனக் கொண்டனர். நாமும் அவ்வழியே சென்றோம். உண்மையில் எக்காளமே பொருத்தமான உவமை. சூலகத்தை நோக்கிய முனை அகன்று விரிந்து தொங்கல்கள் உடையதாயும், கருப்பையை நோக்கிய முனை மிக ஒடுங்கியதாயும் அமைந்திருத்தலே காரணம்.

சூலகத்தினின்று வெளிப்படும் சூல், அவ்வகன்ற முனையாற் பற்றப்பட்டு, குழாயினுள்ளே விந்தோடு கூடிக் கருக்கட்டுகின்றது. கருக்கட்டிய சூலுக்குத் தானே நகரும் ஆற்றல் இல்லை. குழாயின் உட்படையிலுள்ள நுண்ணிய பிசிர்களின் அசைவும், சுவர்த் தசையின் மெல்லிய சுருக்கமுமே அதனைக் கருப்பையை நோக்கிச் செலுத்துகின்றன. இப்பயணம் மூன்று நான்கு நாள்களில் முடிதல் வேண்டும். ஆறாம் ஏழாம் நாளளவில் அது வேரூன்றத் தொடங்கும். அவ்வேளையில் அது இன்னுங் குழாயினுள் இருப்பின் குழாயிலேயே வேர்விடும். கிளமிடியா முதலிய கிருமிகளால் நேர்ந்த அழற்சி பிசிர்களைச் சிதைத்திருத்தல், முன்னர்க் குழாயிற் சத்திரசிகிச்சை நிகழ்ந்திருத்தல், முன்னொருகாற் குழாய்க் கர்ப்பம் உண்டாயிருத்தல், புகைத்தல் என்பன இதற்கு ஏதுக்களாக அறியப்பட்டுள்ளன. ஆயினும் இந்நோயுற்ற பெண்டிருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்து அறியப்பட்ட ஏது ஒன்றேனுங் காணப்படுவதில்லை. ஆகவே இவளுக்கு இந்நோய் வாராது என எவரையும் விலக்கிவிடல் இயலாது.

குழாயின் சுவர் மெல்லியது. வேரூன்றிய கருவின் புறப்படைக் கலங்களோ குருதிக்கலன்களை அரித்துச் செல்லும் இயல்பின. கருப்பையின் உட்படை அவ்வரிப்பைத் தாங்கி அதற்கு எல்லை வகுத்துவிடும். குழாய்க்கு அவ்வாற்றல் இல்லை. இத்தகைய கர்ப்பங்களிற் சில தாமாகவே வாடிக் கரைவதுண்டு. சில அகன்ற முனைவழியே வயிற்றறையுள் வீழ்வதுண்டு. எஞ்சியவை குழாயைப் பிளக்கும். ஒடுங்கிய பகுதியில் தங்கியது ஆறு முதல் எட்டு வாரங்களிலும், அகன்ற பகுதியில் தங்கியது சற்றுப் பிந்தியும் பிளத்தல் பெருவழக்கு. அப்பொழுது பெருகுங் குருதியிற் பெரும்பங்கு வெளியே வாராது வயிற்றறையுள்ளே தேங்குகின்றது. இதுவே இந்நோயின் வஞ்சகம். இளம் பெண்ணின் உடல் குருதியிழப்பை நெடுநேரம் மறைத்துத் தாங்கவல்லது. குருதியமுக்கம் வீழும்போது, உடலிலுள்ள குருதியில் மூன்றிலொரு பங்களவு ஏற்கெனவே வெளியேறியிருக்கும்.

இத்தகைய குருதிப்பெருக்கின்போது சிலர்க்குத் தோள் முனையில் நோவு உண்டாகும். வயிற்றில் நிகழ்வது தோளில் ஏன் தோன்றவேண்டும் என உயிரியல் பயிலும் மாணவர் வினவலாம். தேங்கிய குருதி மேலேறி, நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகட்டை உறுத்துகின்றது. அம்மென்றகட்டின் நரம்பும் தோட்டோலின் நரம்பும் கழுத்திலே முண்ணாணின் ஒரே பகுதியை அடைகின்றன. ஆகவே மூளை வயிற்றினின்று வந்த செய்தியைத் தோளினின்று வந்ததாக மயங்குகின்றது.

இனி வரலாற்றுக்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபாவில் விளங்கிய அபுல் காசிம் அல் சஹ்ராவி என்னும் அராபிய மருத்துவர், ஒரு பெண்ணின் வயிற்றிலே தோன்றிய சீழ்க்கட்டியினின்று கருவின் எலும்புகள் வெளிப்பட்ட செய்தியை எழுதிவைத்துள்ளார். புறக்கருப்பைக் கர்ப்பம் பற்றிய பழங்குறிப்பு இதுவென்பர். அதன்பின் பல நூற்றாண்டுகள் இந்நோய் பிணவறையில் அறியப்படும் நோயாகவே இருந்தது. பிலடெல்பியா நகரத்து வைத்தியர் ஜோன் பரி 1876ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் 500 நோயாளரின் வரலாறுகளைத் தொகுத்து, அவருள் 336 பேர் மாண்டமையைக் காட்டினார். வயிற்றைத் திறந்து, குருதி பெருகும் கலன்களைக் கட்டுதலே தக்க பரிகாரம் என்றும் அவர் எழுதினார். எழுதியதைச் செய்வதற்கோ எவருந் துணிந்திலர்.

துணிந்தவர் இங்கிலாந்தில் பேர்மிங்ஹம் நகரத்துச் சத்திரவைத்தியர் லோசன் ரெயிற். அவரும் முதலிலே தயங்கியவரே. 1881ஆம் ஆண்டு ஓர் ஊர் வைத்தியர், தம் நோயாளிக்குக் குழாய்க் கர்ப்பம் பிளந்துவிட்டதெனச் சரியாகவே துணிந்து, வயிற்றைத் திறக்குமாறு ரெயிற்றை வேண்டினார். ரெயிற் மறுத்துவிட்டார். அப்பெண் இறந்தாள். இறந்தபின் உடலைச் சோதித்தபோது, பிளந்த குழாயைக் கட்டி அகற்றியிருப்பின் குருதி நின்றிருக்கும் என்பது தெளிவாயிற்று. இதனை அவர் மறைக்கவில்லை. தம் பிழையைத் தாமே எழுதி வெளியிட்டார். 1883ஆம் ஆண்டு முதன்முறையாக இந்நோய்க்கு வயிற்றைத் திறந்தார். குருதிக் கட்டிகளையும் ஒட்டுக்களையும் நீக்குவதிற் காலங் கழிய, அந்நோயாளியும் இறந்தாள். அத்தோல்வியிலிருந்து அவர் கற்றது ஒன்று: வயிற்றைத் திறந்ததும் வேறெதனையும் நோக்காது, நேரே குழாயின் அடியைப் பற்றிக் கட்டிவிடல் வேண்டும் என்பதே அது. அதே ஆண்டு அடுத்த நோயாளி பிழைத்தாள். 1888ஆம் ஆண்டளவில் அவர் சிகிச்சை செய்த 42 பேருள் இருவரே இறந்தனர். மூவரில் இருவர் மாண்ட நோயில், இருபத்தொருவரில் ஒருவரே மாளும் நிலை ஐந்தாண்டுக்குள் உண்டாயிற்று. குருதியேற்றும் வசதியோ நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளோ இல்லாத காலம் அது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

குருதியேற்றுதல் பற்றி ஒன்று கூறலாம். 1914ஆம் ஆண்டு ஜேர்மனியில் யொகான்னஸ் தீஸ் என்பவர், பிளந்த குழாயினின்று வயிற்றறையுள் தேங்கிய குருதியையே முகந்து, வடித்து, அந்நோயாளியின் உடலுள்ளேயே மீளச் செலுத்தினார். பிறர் குருதி கிடைத்தற்கரிய இடங்களில் இம்முறை பின்னரும் பல உயிர்களைக் காத்தது.

ரெயிற்றின் வழி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்து நின்றது. உயிர் காக்கப்பட்டது, ஆயினும் வயிற்றில் நீண்ட வெட்டு, பல நாள் படுக்கை, பல வாரம் வேலையின்மை, உள்ளுறுப்புக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுதல் என்பன அதன் விலையாயின. ஒட்டுக்கள் எஞ்சிய குழாயையும் வளைத்துவிடின், அடுத்த கர்ப்பமும் வழிதவற ஏதுவாகும். இவ்விலையைக் குறைக்க வந்ததே நுண்துளைச் சத்திரசிகிச்சை.

அதன் கருவியாகிய வயிற்றறை நோக்கியின் தொடக்கம் குருதிப்பெருக்கோடு தொடர்புடையது என்பது பலர் அறியாத செய்தி. ட்றெஸ்டென் நகரத்து வைத்தியர் கேயோர்க் கெல்லிங், வயிற்றறையுள் நிகழுங் குருதிப்பெருக்கை வெட்டின்றி நிறுத்த ஒரு வழி தேடினார். வயிற்றறையைக் காற்றால் நிரப்பின், அவ்வமுக்கத்தாற் குருதி நிற்குமென்பது அவர் எண்ணம். அமுக்கத்தால் உறுப்புக்களுக்கு யாது நேர்கின்றது எனப் பார்க்கவே, சிறுநீர்ப்பையை நோக்குதற்கு இயற்றப்பட்ட குழலொன்றை நாயின் வயிற்றுட் செலுத்தினார். 1901ஆம் ஆண்டு ஹம்பேர்க் நகரிற் கூடிய அறிஞர் அவையில் இதனைச் செய்து காட்டினார். குருதியை நிறுத்தும் எண்ணம் பின்னர் மறக்கப்பட்டது. பார்ப்பதற்கென்று செலுத்திய குழலே நிலைத்தது. 1910ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் நகரத்து யாக்கோபேயஸ் மனிதரிடத்து இம்முறையைக் கையாண்டு அறிக்கை வெளியிட்டார். அங்கேரி நாட்டு யானோஸ் வெரஸ் 1938ஆம் ஆண்டு வெளியிட்ட சுருள்வில் ஊசி கயரோகியரின் நெஞ்சறையுட் காற்றைச் செலுத்துவதற்கென ஆக்கப்பட்டது. அதுவே பின்னர் வயிற்றறையுள் வாயுவைச் செலுத்தப் பயன்படலாயிற்று. 1940களிற் பாரிஸ் நகரத்து றவூல் பாமர் இக்கருவியை மகளிர் நோயறிதலுக்கு உரியதாக்கினார். இங்கிலாந்தில் பௌதிக அறிஞர் ஹரல்ட் ஹொப்கின்ஸ், குழலுள் இடையிடையே சிறு வில்லைகளை வைக்கும் பழைய அமைப்பை மாற்றி, நீண்ட கண்ணாடிக் கோல்களை வைத்து, 1959ஆம் ஆண்டு காட்சியை ஒளியுடையதாக்கினார். ஓல்டம் என்னும் ஆலை நகரிற் பணிபுரிந்த பற்றிக் ஸ்ரெப்ரோ 1967ஆம் ஆண்டு இத்துறைக்கு ஆங்கிலத்தில் ஒரு நூல் இயற்றினார்.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் குழாய்க் கர்ப்பத்துக்கு வயிறு திறக்கப்பட்டே வந்தது. குழலுட் பார்ப்பர், குருதியைக் காண்பர், குழலை எடுத்துவிட்டு வயிற்றை வெட்டுவர். அவர்கள் திறமையற்றோர் அல்லர். குழாய் பிளந்து குருதி பெருகிய பின்னரே பெரும்பாலான நோயாளர் அவர்களிடம் வந்தனர். குருதிக் குளத்துள்ளே குழலின் கண் குருடாகும்; மயங்கிக் கிடப்பவளிடத்து நிதானமாகப் பணிபுரிய நேரமுமில்லை. சிறு துளையாற் சிகிச்சை செய்வதற்கு, குழாய் பிளவாதிருத்தல் வேண்டும். பிளந்திருப்பினும் குருதி சிறிதாதல் வேண்டும். அதாவது நோய் சில நாள் முந்தியே அறியப்படல் வேண்டும். கருவி காத்திருந்தது அந்தச் சில நாள்களுக்காகவே.

அந்நாள்களைத் தந்தவை ஒரு குருதிச் சோதனையும் ஓர் ஒலிக்கருவியும். வேரூன்றிய கருவின் புறப்படை ஓர் ஓமோனைச் சுரக்கின்றது. மருத்துவர் அதனை எச். சீ. ஜீ. எனச் சுருக்கி வழங்குவர். அதனை வேறு ஓமோன்களோடு மயங்காது நுண்ணளவிலும் அளக்கும் முறையை 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜூடித் வைற்றுக்கைற்றிசும் அவர்தம் தோழரும் வெளியிட்டனர். மற்றது மீயொலிப் படம். கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்ட் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையோடு மகளிர் மருத்துவத்துட் புகுந்த அம்முறை, 1980களில் யோனிவழியே செலுத்தப்படும் சிறு கருவியாக வளர்ந்தபின், கருப்பையைச் சில சென்ரிமீற்றர் தொலைவிலிருந்தே காட்டலாயிற்று. இரண்டையும் சேர்த்து நோக்குக. குருதியில் ஓமோன் போதிய அளவு உண்டு. கர்ப்பம் உண்டென்பது உறுதி. கருப்பையுட் பார்த்தால் ஒன்றுமில்லை. அப்படியாயின் கரு எங்கே? இவ்வினா எழுந்தவுடன் குழாயின்மீது ஐயம் விழுகின்றது. ஐயம் தீராவிடின் இரண்டு நாள் கழித்து மீண்டும் ஓமோனை அளப்பர். நல்ல கர்ப்பத்தில் அது பெரும்பாலும் அரைப்பங்கேனும் உயரும். வழிதவறிய கர்ப்பத்திற் பலவேளை தளர்ந்தே உயரும்.

சோதனை முறை வெளியான அடுத்த ஆண்டிலே, அதாவது 1973இல், அமெரிக்காவில் ஷப்பீரோ, அட்லர் என்னும் இருவர் குழாய்க் கர்ப்பத்தை வயிற்றறை நோக்கியின் துணையால் அகற்றிய செய்தியை வெளியிட்டனர். 1980ஆம் ஆண்டு பிரான்சிற் கிளெர்மோன்-பெரான் நகரத்துப் புறூவா, மனேஸ் முதலியோர் அதனைத் தொடர்ந்து செய்யத்தக்க முறையாக்கிக் காட்டினர். அதே நகரத்தவர் 1986ஆம் ஆண்டு 321 கர்ப்பங்களின் அனுபவத்தை வெளியிட்டபோது, ஐயுற்றோர் பலர் அடங்கினர். ஜேர்மனியிற் கீல் நகரத்து மகளிர் மருத்துவராகிய குர்ட் செம், துளைவழியே கட்டவும் தைக்கவும் உரிய கருவிகள் பலவற்றை இயற்றி, 1980ஆம் ஆண்டு குடல்வாலையும் அவ்வாறே அகற்றினார். சத்திரவைத்தியர் பலர் அவரைப் பாராட்டவில்லை, எள்ளினர். பெரிய வைத்தியனுக்குப் பெரிய வெட்டு என்பது அக்காலத்தார் பெருமை.

சத்திரசிகிச்சை நிகழுமாற்றைச் சுருங்கக் கூறுவோம். நோயாளி முழு மயக்கத்தில் இருத்தப்படுகிறாள். உந்தியிலே ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கீறி, அதன் வழியே காபனீரொட்சைட்டு வாயு செலுத்தப்படுகின்றது. காற்றை விடுத்து இவ்வாயுவைத் தேர்ந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. அது தீப்பற்றாது; ஆகவே உள்ளே மின்னாற் சுடலாம். குருதியில் எளிதிற் கரைந்து மூச்சோடு வெளியேறும். ஆகவே தவறிக் குருதிக்கலனுட் புகினும் காற்றைப்போல் அடைத்துக் கொல்லும் அபாயம் குறைவு. வாயுவின் அமுக்கம் 12 முதல் 15 மில்லிமீற்றர் இரச அளவில் வைக்கப்படும். வயிற்றின் சுவர் கூடாரம்போல் எழும்ப, உள்ளே இடம் உண்டாகின்றது. மேசையின் தலைப்பக்கம் தாழ்த்தப்படுகின்றது. குடல் மேல்நோக்கிச் சரிய, இடுப்பறை வெறுமையாகின்றது. உந்தித் துளைவழியே கமரா பொருந்திய குழலும், அடிவயிற்றில் 5 மில்லிமீற்றர் அளவான இரு துளைகள்வழியே கருவிகளும் புகுகின்றன. சாவித்துவாரச் சிகிச்சை என்று இதனைச் சிலர் அழைப்பர். பெயர் கவர்ச்சியானது, ஆனாற் பொருத்தமற்றது. சாவித்துவாரத்தாற் காண்பது குறைவான காட்சி. இங்கே திரையிற் காண்பதோ வெறுங்கண்ணாற் காண்பதினும் பெரிதும் தெளிவுமான காட்சி.

முதலிற் குருதியை உறிஞ்சி நீக்கி, இரு குழாய்களையும் சூலகங்களையும் நோக்குவர். மற்றைக் குழாய் நலமாக உள்ளதா என்பது அடுத்த முடிவுக்கு இன்றியமையாதது. குழாயை அகற்றுவதாயின், அதனைத் தாங்கும் மடிப்பிலுள்ள குருதிக்கலன்களை மின்னாற் சுட்டு, குழாயை ஒட்டியே வெட்டிச் செல்வர். சற்று விலகி வெட்டின் சூலகத்துக்குச் செல்லுங் குருதி குறைய இடமுண்டு. வெட்டிய குழாயைச் சிறு பையிலிட்டுத் துளைவழியே எடுப்பர். குழாயைக் காப்பதாயின், புடைத்த இடத்தில், குருதிக்கலன் குறைந்த பக்கமாக, ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கீறி, நீரைப் பாய்ச்சிக் கர்ப்பத்தை வெளியேற்றுவர். கீறிய வாயைத் தைப்பதில்லை; தானே மூடிக்கொள்ளும்.

அகற்றுவதா, காப்பதா? 1953ஆம் ஆண்டு வில்லியம் ஸ்ற்றொம் என்னும் அமெரிக்க வைத்தியர் குழாயைத் திறந்து கர்ப்பத்தை மட்டும் நீக்கிய செய்தியை வெளியிட்ட நாள்தொட்டு இவ்விவாதம் நிகழ்கின்றது. காத்தலே சிறந்தது என்றுதான் எவருக்குந் தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றியது. ஆயினும் 2014ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்த ஒரு பரிசோதனையின் முடிவு அவ்வெண்ணத்தை அசைத்துவிட்டது. மற்றைக் குழாய் நலமாயிருந்த 446 பெண்டிரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குக் குழாயைக் காத்தும் மறுபிரிவினர்க்கு அகற்றியும் சிகிச்சை செய்து, மூன்றாண்டு வரை கவனித்தனர். இயற்கையாகக் கருவுற்று அக்கர்ப்பம் நிலைத்தவர் முதற்பிரிவில் நூற்றுக்கு 60.7, மறுபிரிவில் 56.2. இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததன்று எனத் துணியப் போதாது. குழாயைக் காத்தவருள் நூற்றுக்கு எழுவரிடத்துக் கருவின் கலங்கள் எஞ்சி நின்று மேலுஞ் சிகிச்சை வேண்டப்பட்டது. அகற்றியவருள் அது நூற்றுக்கு ஒன்றிலுங் குறைவு. காக்கத் தொடங்கியவருள்ளும் ஐவரில் ஒருவர்க்குக் குருதி நில்லாமையாற் குழாய் அகற்றப்பட்டது. எனவே மற்றைக் குழாய் நலமாயின் நோயுற்றதை அகற்றுதலும், மற்றையது பழுதாயின் அல்லது முன்னரே இழக்கப்பட்டிருப்பின் இதனைக் காக்க முயலுதலும் இன்றைய வழக்காகும். குழாயினின்று கருவை எடுத்துக் கருப்பையில் நட்டுவிடலாகாதா எனச் சில தாய்மார் வினவுவதுண்டு. அதற்கு இன்றுவரை வழியில்லை. உயிர் பிழைத்தமை கருதி மகிழுமாறு அவளைத் தேற்றுவோர், அவள் இழந்ததும் ஒரு பிள்ளையே என்பதை மறத்தல் ஆகாது.

இருகுழாயும் இழந்தவளுக்கு மறுவழி காட்டியதும் இதே கருவி. மேலே கூறிய ஸ்ரெப்ரோ, றொபேட் எட்வேட்ஸ் என்னும் உடற்றொழில் அறிஞரோடு கூடி, வயிற்றறை நோக்கியாற் சூலை எடுத்து, வெளியிலே கருக்கட்டச் செய்து, கருப்பையுள் வைத்தார். 1976ஆம் ஆண்டு அவர்கள் அறிவித்த முதற் கர்ப்பம் யாதாயிற்று? கருப்பையில் வைக்கப்பட்ட கரு குழாயுட் சென்று தங்கிற்று. அது குழாய்க் கர்ப்பமேயாம். குழாயைத் தவிர்க்கத் தேடிய வழியிலும் குழாய் குறுக்கிட்டது. இரண்டாண்டு கழித்து, 1978ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25ஆம் நாள், லூயிஸ் பிறவுண் பிறந்தாள்.

துளைச் சிகிச்சையின் பயன் சோதித்தே நிறுவப்பட்டது. சுவீடனிற் கொத்தன்பேர்க் நகரத்தார் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 105 பெண்டிர் திறந்த சிகிச்சைக்கும் துளைச் சிகிச்சைக்குமாகக் குறியிட்டுப் பிரிக்கப்பட்டனர். துளைச் சிகிச்சை பெற்றோர் முந்தி வீடு சென்றனர். மீண்டும் உள்நோக்கியபோது அவரிடத்து ஒட்டுக்களும் குறைவாயிருந்தன. ஆனால் எல்லார்க்கும் இதுவே தக்கதென்று கொள்ளல் கூடாது. குருதி பெருகி நாடி தளர்ந்தவளிடத்து, எது விரைவிற் குருதியை நிறுத்துமோ அதுவே சிறந்த சிகிச்சை. தேர்ந்த கையும் ஆயத்தமான அறையும் இருப்பின் துளைவழியே அதனைச் செய்வோர் உளர். இல்லையேல் வயிற்றைத் திறந்து ரெயிற் செய்தவாறே குழாயின் அடியைப் பற்றுதல் வேண்டும். சிறு வெட்டுக்கு ஆசைப்பட்டு நேரம் இழத்தல் மடமை. மறுபுறத்தில், கர்ப்பம் சிறிதாயும், கருவின் இதயத் துடிப்புக் காணாததாயும், ஓமோன் குறைவாயும் உள்ளவர்க்கு வெட்டே வேண்டுவதில்லை. மெதொற்றெக்சேற் என்னும் மருந்து, பெருகும் கலங்களுக்கு வேண்டிய போலிக் அமிலத்தின் தொழிலைத் தடுத்துக் கர்ப்பத்தை வாடச் செய்யும். 1982ஆம் ஆண்டு யப்பானிலே தனக்காவும் தோழரும் இதனை இந்நோய்க்குக் கையாண்டமையை அறிவித்தனர்.

ஆகவே எல்லாம் அந்தச் சில நாள்களிலேயே தங்கியிருக்கின்றது. ஒரே நோய், திங்கட்கிழமை அறியப்படின் ஊசியோடு முடியும், வியாழக்கிழமை அறியப்படின் மூன்று துளைகளோடு முடியும், ஞாயிற்றுக்கிழமை அறியப்படின் நீண்ட வெட்டோடும் பலர் கொடுத்த குருதியோடும் முடியலாம், முடியாமலும் போகலாம். பிரித்தானியாவில் 1952ஆம் ஆண்டு தொடங்கித் தாய்மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வருவோர், மீண்டும் மீண்டும் குறிக்கும் ஒரு செய்தி உண்டு. இந்நோயால் இறந்த பெண்டிருட் பலர் வாந்தி, வயிற்றோட்டம், தலைசுற்று எனக் கூறி வந்தவர்கள்; உணவு ஒவ்வாமை என மருந்து கொடுத்து அனுப்பப்பட்டவர்கள். இடுப்பறையுள் தேங்கிய குருதி மலக்குடலை உறுத்துவதால் அவ்வாறு தோன்றுகின்றது. பெரிய வைத்தியசாலைகள் நிறைந்த நாட்டிலேயே இப்பிழை நேர்கின்றதாயின், வயிற்றுநோவு என்றதும் ஓமநீரை நாடும் நம்மவரைப்பற்றிக் கூறவேண்டுமா?

இங்கேதான் முற்கூறிய கூச்சம் குறுக்கிடுகின்றது. மாதவிலக்குத் தப்பியதா என்று கேட்பதற்கு வீட்டார் கூசுவர். மணமாகாத பெண்ணாயின் வைத்தியரும் தயங்குவர். அவளோ கூறுதற்கு அஞ்சுவாள். இக்கூச்சத்தை ஒழுக்கமென்று கருதுவோர் உளர். வினாவின்றி வயிற்றோட்டத்துக்கு மருந்து கொடுத்தல் ஒழுக்கமாகாது. கருவுறும் வயதிலுள்ள பெண்ணொருத்தி வயிற்றுநோவோடோ மயக்கத்தோடோ வந்தால், அவள் யாராயினும், சிறுநீரைச் சோதித்துக் கர்ப்பம் உண்டா இல்லையா என அறிந்த பின்னரே பிறவற்றை நினைத்தல் வேண்டும். அச்சோதனை சில நிமிடங்களுள் முடிவது, மருந்துக்கடையிலும் கிடைப்பது. ஒருபக்க அடிவயிற்றுநோவு, தப்பிய விலக்கு, சிறிதளவு கருநிறக் குருதி, தோள்முனை நோவு, எழுந்து நிற்கையில் மயக்கம் என்பவற்றுள் எல்லாம் சேர்ந்தே வரும் எனக் காத்திருத்தலும் ஆகாது. சிலர்க்கு ஒன்றே தோன்றும்.

சிகிச்சை முடிந்தபின் செய்யவேண்டியவை சில. குழாய் காக்கப்பட்டிருப்பின், ஒரு வாரங் கழித்தும், பின்னர் வாரந்தோறும், ஓமோன் முற்றும் மறையும்வரை குருதியைச் சோதிப்பர். றீசஸ் எதிர்க் குருதியினளாயின், அடுத்த கருவைக் காக்கும்பொருட்டு எதிர்-டீ ஊசி இடப்படும். ஒருமுறை குழாய்க் கர்ப்பம் உற்றவளுக்கு அது மீண்டும் நேரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்தளவினது. ஆதலின் அடுத்தமுறை விலக்குத் தப்பியதும் அவள் மூன்றாம் மாதம் வரை காத்திராது வைத்தியரிடம் செல்லவேண்டும். ஆறாம் ஏழாம் வாரத்திலே மீயொலிப் படத்திற் கருவைக் கருப்பையுட் கண்ட பின்னரே அவளை வீட்டுக்கு அனுப்புவர்.